பாஸ்டன் அனுப்பிய வாத்தியார்கள்

(கயத்தாற்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அயல்நாட்டில் போய்ப் பாடம் நடத்தும் ஆசிரியர்களைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள் அறக்கட்டளையார். இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான தலைப்புதான். தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் மாலத்தீவுக்கும் நடக்கும் போக்குவரத்தில் வெங்காயமும் கருங்கல் ஜல்லியும் மட்டுமா போகின்றன? ஆசிரியர்களும் போயிருக்கிறார்கள். ஹைலே செலாசி மன்னர் காலத்து எத்தியோப்பியாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கணக்கும் அறிவியலும் நடத்தப் போனவர்கள் உண்டு. இன்று அமெரிக்கப் பள்ளிகளே ஆள் பற்றாக்குறையால் இந்திய ஆசிரியர்களை விசாவுக்கு ஏற்பாடு செய்து அழைத்துக்கொள்கின்றன. நான் பேசப்போவது இதற்கு நேர் எதிர்த் திசைப் பயணத்தைப் பற்றி. அமெரிக்காவிலிருந்து கப்பலேறித் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வந்தவர்களைப் பற்றி.

கயத்தாறு என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது 1799 அக்டோபர் 16. கட்டபொம்மனை இங்கே புளியமரத்தில் தூக்கிலிட்ட நாள். அதற்குப் பதினேழு ஆண்டு கழித்து, 1816இல், நமக்கு எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்தில் சில அமெரிக்கக் குடும்பங்கள் வந்து இறங்கின. நம் ஊருக்கு அவர்கள் வரவில்லை. திருநெல்வேலிச் சீமையில் பள்ளி நடத்தியவர்கள் ஆங்கிலேய மிஷன்காரர்கள். இடையன்குடி கால்டுவெல்லை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வடக்கே மதுரைதான் அமெரிக்கர்களின் வட்டாரம். பசுமலையையும் கோரிப்பாளையத்தையும் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் மதுரைக்குக் கூட அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்துதான் வந்தார்கள், 1834இல். அதனால் கதையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஏன் யாழ்ப்பாணம்? தற்செயல்தான் பாதி. பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு மிஷன் சங்கம் 1810இல் அமைந்தது. அது 1812இல் அனுப்பிய முதல் ஆட்களைக் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி இருக்கவிடவில்லை. மிஷன்காரர் என்றாலே கம்பெனிக்குப் பிடிக்காது. அதோடு அந்த ஆண்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் சண்டையில் இறங்கிவிட்டன. விரட்டப்பட்டவர்களில் சாமுவேல் நியூவெல் என்பவரும் அவர் மனைவி ஹாரியட்டும் மொரீஷியஸ் தீவுக்குப் போனார்கள். ஹாரியட் அங்கேயே இறந்துபோனார். வயது 19. தனியாகக் கிளம்பிய நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்து சுற்றிப் பார்த்தார். யாழ்ப்பாணம் நல்ல இடம் என்று பாஸ்டனுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் பலன்தான் 1816.

மொரீஷியஸ் கல்லறையை மறந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் நியூயார்க்கில் ஒரு பூகோள வகுப்பில் அது வரப்போகிறது.

வந்தவர்களில் டானியல் பூவர் என்பவரைச் சொல்ல வேண்டும். தெல்லிப்பழையில் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயக் கட்டடத்தில் குடியேறிப் பள்ளி தொடங்கினார். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் ஒன்று எழுந்தது. அதற்குச் செமினரி என்று பெயர். பூவர்தான் தலைமை. தமிழ், ஆங்கிலம், வடமொழி, கணிதம், வானியல், இயற்பியல் எல்லாம் பாடம். பின்னாளில் அதைப் பார்த்த எமர்சன் டென்னென்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது என்ற பொருளில் எழுதினார். பனைமரத் தோப்புகளுக்கு நடுவில் இருந்த பள்ளியைப் பற்றி எழுதியது அது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். அயல்நாட்டில் பாடம் நடத்தப் போன ஆசிரியருக்கு முதலாளி யார்? சம்பளம் போடுகிறவரா, தங்க அனுமதி கொடுக்கிறவரா, பிள்ளையை அனுப்புகிறவரா? பூவருக்கு மூன்று பேரும் இருந்தார்கள். சம்பளம் பாஸ்டனிலிருந்து. அனுமதி கொழும்பில் இருந்த ஆங்கிலேய ஆளுநரிடமிருந்து. பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வேளாண் குடும்பங்களிலிருந்து. இந்த மூவரில் கையில் காசு குறைந்தவர்கள் பெற்றோர்கள். பேரத்தில் அதிகம் ஜெயித்தவர்களும் அவர்களே. அதைக் காட்டத்தான் இவ்வளவு பேச்சும்.

முதலில் ஆளுநர் பக்கம். ஆரம்பத்தில் பிரௌன்ரிக் என்ற ஆளுநர் அமெரிக்கர்களை நன்றாகவே வரவேற்றார். பின்னால் பொறுப்புக்கு வந்த பார்ன்ஸ் அப்படியில்லை. 1820இல் அச்சுக்கூடம் நடத்த வந்த அமெரிக்கரை நாட்டை விட்டுப் போகச் சொன்னார். புதிதாக எந்த அமெரிக்க மிஷன்காரரும் வரக்கூடாது என்றார். அந்தத் தடை நீங்கிப் புது ஆட்கள் வந்து சேர 1833 ஆகிவிட்டது. பதின்மூன்று ஆண்டு. இருந்த கைப்பிடி ஆட்களில் சிலர் நோயில் போனார்கள். என்ன செய்வது? படித்து முடித்த மாணவர்களையே ஆசிரியர்களாக்கினார்கள். கபிரியேல் திசேரா போன்ற உள்ளூர் ஆசிரியர்கள் செமினரியில் பாடம் நடத்தினார்கள். ஆளுநர் கதவைச் சாத்தியதால் பள்ளி சீக்கிரமே உள்ளூர்க்காரர் கைக்கு வந்தது என்று நான் நினைக்கிறேன். ஆளுநர் அதை நினைத்துச் சாத்தவில்லை என்பது வேறு விஷயம்.

பெற்றோர் பக்கம் இன்னும் சுவாரசியம். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். வெள்ளைக்காரர் வளாகத்தில், யார் சமைத்ததோ தெரியாத சோற்றைச் சாப்பிடப் பிள்ளையை எப்படி அனுப்புவது? ஊர் மறுத்தது. மிஷன் இறங்கி வந்தது. வளாகத்துக்கு வெளியே தனிச் சமையற்கட்டு, ஊரார் ஏற்ற சமையற்காரர் என்று ஏற்பாடு ஆயிற்று. எல்லோரும் ஒரு தகப்பனின் பிள்ளைகள் என்று ஞாயிறு தோறும் பிரசங்கம் செய்தவர்கள், திங்கட்கிழமை சோற்றுக்குச் சாதி பார்த்தார்கள். இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. மதுரையில் அமெரிக்கர்கள் வேறு வழி எடுத்தார்கள். 1847இல், சபையில் சாதி பேதத்தை விட்டால்தான் ஆச்சு என்று கண்டிப்புக் காட்டினார்கள். உபதேசியார்களும் பசுமலைப் பள்ளி மாணவர்களும் பலர் வெளியேறினார்கள். ஒரே சங்கம், ஒரே வேதம், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம், அந்தப் பக்கம் ஒரு நியாயம். வளைந்துகொடுத்த வட்டுக்கோட்டையில் பெரும் புலவர்கள் உருவானார்கள். வளையாத மதுரையில், அதுவரை எழுத்தே எட்டாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. எது சரி என்று கேட்டால் நான் மதுரையின் பக்கம் நிற்பேன். ஆனால் தாமோதரம்பிள்ளையை விட்டுக்கொடுக்கவும் மனம் வராது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெயர் விஷயத்தையும் கேளுங்கள். அமெரிக்காவில் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் சிறு தொகை அனுப்பி ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பார். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்குத் தம் பெயரையோ தமக்குப் பிரியமானவர் பெயரையோ சூட்டுவார். இதனால்தான் யாழ்ப்பாணத்தில் கரோல் விசுவநாதபிள்ளை, எவார்ட்ஸ் கனகசபைப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்றெல்லாம் பெயர்கள். பின்னாளில் அந்தப் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிக்கொண்டு சைவராகத் திரும்பிப் போனவர்கள் உண்டு. உபகாரம் செய்தவருக்கு இனிஷியலில் இடம் கொடுத்துவிட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டார்கள்.

பூவருக்கு வகுப்பறையில் பெரிய வெற்றி கிடைத்தது 1829இல், ஒரு சந்திர கிரகணத்தில். அராலியில் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்துவந்த சாஸ்திரியார் குறித்த நேரமும், பூவர் கணக்குப் போட்டுச் சொன்ன நேரமும் ஒத்துப்போகவில்லை. ஊர் முழுவதும் அந்த இரவுக்குக் காத்திருந்தது. கிரகணம் பூவர் சொன்னபடி பிடித்தது. மிஷன் பதிவுகளில் இது புராணம் பொய்த்த கதையாக எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. சாஸ்திரியாரும் கணக்குத்தான் போட்டார். கிரகணம் வரும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்போது தொடங்கும், எவ்வளவு மறைக்கும் என்பதில்தான் வித்தியாசம். கணிதம் தெரிந்த ஊரில் போய்க் கணிதம் நடத்தியிருக்கிறார் பூவர். அவருக்கு எடுபட்டதற்குக் காரணமே அதுதான்.

அவருக்குப் பின் 1836இல் தலைமைக்கு வந்த ஹொய்சிங்டன் இன்னும் ஒரு படி போனார். தமிழில் வானியல் நூல் எழுதினார். சைவ சித்தாந்தம் கற்று, சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தத்துவக் கட்டளையையும் ஆங்கிலமாக்கினார். 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஆய்விதழில் அவை வந்தன. தமிழரைக் கிறித்தவராக்க அனுப்பிய வாத்தியார், ஊர் திரும்பி மெய்கண்டாரை அமெரிக்கருக்கு அறிமுகப்படுத்தினார். பாடம் நடத்தப் போனவர் பாடம் கேட்டுவிட்டுத் திரும்புவது அயல்நாட்டு ஆசிரியர் பலருக்கும் நேர்வதுதான். அதை அச்சேற்றிக் காட்டியவர்கள் குறைவு.

பெண் கல்விக்கு வருவோம். 1824இல் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். படிக்க வந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பது அன்றைய பயம். மிஷன் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தது. படிப்பை முடித்து மணம் முடிக்கும் பெண்ணுக்குச் சீதனத்துக்கு உதவியது. பள்ளிக்கூடமே சீதனம் கொடுத்த கதை உலகத்தில் வேறெங்கும் இருக்கிறதா தெரியவில்லை. யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் பேரத் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். இங்கே இருக்கும் பெற்றோர்கள் சிரிக்கிறீர்கள்.

அந்த உடுவிலுக்கு 1840 ஜனவரியில் ஒருவர் வந்தார். எலைசா ஆக்னியூ. நியூயார்க்கில் 1807இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது பூகோள வகுப்பில் ஆசிரியர் வரைபடத்தில் மொரீஷியஸ் தீவைக் காட்டி, இந்தத் தீவில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்டாராம். ஹாரியட் நியூவெலை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று எலைசா பதில் சொன்னார். தானும் போக வேண்டும் என்று அப்போதே தீர்மானித்ததாகச் சொல்வார்கள். ஆனால் வீட்டுக் கடமை இருந்தது. பெற்றோர் இருவரும் மறைந்த பிறகே புறப்பட்டார். கப்பலேறும்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. மணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்பப் பாஸ்டன் பெரியவர்கள் எளிதில் சம்மதிக்காத காலம்.

1879 வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டு, உடுவிலில் இருந்தார். ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. இப்போது மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் போகிற ஆசிரியர்கள் ஆண்டு விடுமுறைக்கு டிக்கெட் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன், அது நியாயம்தான். ஆனால் நாற்பது ஆண்டு ஒரே இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பாருங்கள். முதலில் படித்த பெண்களின் மகள்கள் வந்தார்கள். பிறகு பேத்திகள் வந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். விடுமுறைகளில் பழைய மாணவிகளின் வீடு வீடாகப் போய்வருவார். ஆயிரம் மகள்களின் தாய் என்ற பெயர் அதனால் வந்தது. ஓய்வுக்குப் பிறகும் மானிப்பாயில் தங்கி, 1883இல் அங்கேயே இறந்தார். அவர் நடத்திய பாடத்திட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எழுத்து, கணக்கு, தையல், வேதம். படித்த தாய்மாரின் மூன்று தலைமுறையை உண்டாக்கியது அந்தச் சாதாரணப் பாடத்திட்டமே.

மருத்துவர் சாமுவேல் கிரீனையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1847இல் வந்தார், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில். பிறகு, படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்துக்கு வைத்தியர் கிடைப்பதில்லை என்று கண்டு, தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் என்று ஆயிரக்கணக்கான பக்கம் தமிழாக்கினார். தமிழ் வழி மருத்துவக் கல்வி முடியுமா என்று இன்றும் மேடை போட்டு வாதாடுகிறோம். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒரு அமெரிக்கர் அதை நடத்திக்காட்டி, தேர்ச்சி பெற்ற வைத்தியர்களையும் ஊருக்கு அனுப்பினார்.

கிரீன் கண்ட அதே சிக்கல்தான் வட்டுக்கோட்டையை மூடியது. 1855இல் பாஸ்டன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சனும் இன்னொருவரும் ஆய்வுக்கு வந்தார்கள். ஆண்டர்சனின் வாதம் இது: உள்ளூர்ச் சபையை உள்ளூர்ப் போதகர் நடத்த வேண்டும், அதற்கு ஆள் தயாரிக்கத்தான் பள்ளி. நீங்களோ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறீர்கள், பையன் கச்சேரி உத்தியோகத்துக்கும் சென்னைக்கும் போய்விடுகிறான், கிராமத்துக்குப் போதகராக வர எவனும் இல்லை. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. டானியல் பூவர் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மானிப்பாயில் காலராவில் இறந்துவிட்டார். தாம் கட்டியது மூடப்படுவதைப் பார்க்கும் நிலை அவருக்கு வரவில்லை.

ஆண்டர்சனை வில்லனாக்குவது எளிது. நான் ஆக்க மாட்டேன். அவர் கண்டது உண்மை. ஆங்கிலம் படித்த பையன் ஊரை விட்டுப் போகிறான் என்பதைக் கயத்தாற்றில் வந்து சொன்னாலும் யாரும் மறுக்க மாட்டீர்கள். அவர் தவறியது ஓரிடத்தில்தான். பள்ளிக்கு நோக்கம் வைக்கும் உரிமை தமக்கு மட்டும் உண்டு என்று நினைத்தார். முப்பத்திரண்டு ஆண்டு பிள்ளைகளை அனுப்பிய ஊரிடம் யாரும் கேட்கவில்லை.

ஊர் கேட்காமலே பதில் சொன்னது. மூடிய மறு ஆண்டே பழைய மாணவர்கள் அதே வட்டுக்கோட்டையில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு கல்லூரி வேண்டும் என்று கூட்டம் போட்டு, நிதி திரட்டி, பாஸ்டனுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. தலைமைக்கு ஒரு அமெரிக்கரையே, ஹேஸ்டிங்ஸ் என்பவரை, வைத்துக்கொண்டார்கள். இந்த முறை ஆசிரியரை ஊர் அழைத்தது. முதலாளி யார் என்ற கேள்விக்கு 1816இல் கிடைக்காத பதில் 1872இல் கிடைத்தது.

இதற்கிடையில் மூடிய பள்ளியின் மாணவர்கள் என்ன ஆனார்கள்? 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இருவர். இருவரும் வட்டுக்கோட்டைக்காரர்கள்: கரோல் விசுவநாதபிள்ளை ஒருவர், சி.வை. தாமோதரம்பிள்ளை மற்றவர். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளை, பின்னாளில் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தவர். வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை என்ற பெயரில் 1885இலும், கலித்தொகையை 1887இலும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். சங்க இலக்கியப் பதிப்பு என்றால் உ.வே.சா.வுக்கு முன்னோடியாக எண்ணப்படுகிறவர் இவர். பாடபேதம் பார்ப்பது, பல ஏடுகளை ஒப்பிடுவது, முன்னுரையில் காரணம் சொல்வது என்ற ஒழுங்கில் வட்டுக்கோட்டை வகுப்பறைக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன். பாஸ்டன் கேட்டது போதகர். பெற்றோர் கேட்டது உத்தியோகஸ்தர். கிடைத்தது தொல்காப்பியம். யாரும் கேட்கவில்லை அதை.

செமினரி மாணவர்கள் இருவர் ஆசிரியர்களாக இருந்து 1841 ஜனவரியில் தொடங்கிய உதயதாரகை என்ற இருமொழிப் பத்திரிகை ஒருபுறம். 67,000 சொற்களுக்கு மேல் கொண்டு 1862இல் வெளிவந்த, உடுவில் ஹாரியட் அம்மையாரின் கணவர் வின்ஸ்லோவின் அகராதி மறுபுறம். அந்த அகராதிக்குப் பின்னால் வேலை பார்த்த தமிழ்ப் புலவர்கள் பலர், பெயர்ப்பலகையில் வின்ஸ்லோ ஒருவரே. மிஷன்காரர்களை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலர் அமெரிக்கரிடம் படித்தவர் இல்லை, வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அதை நடத்திய பார்சிவலோடு வேலை பார்த்தவர். ஆனாலும் 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையில் வகுப்பு முறையும், படிநிலைப் பாலபாடமும், அச்சிட்ட புத்தகமும் மிஷன் பள்ளியிலிருந்தே வந்தன. எதிராளியின் ஆயுதத்தை எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பள்ளிக்கூடம் யாருக்கும் சொந்தமான ஆயுதம் இல்லையே.

மதுரைக் கதையைச் சுருக்கிவிடுகிறேன், தனிப் பேச்சாகவே கேட்க வேண்டியது அது. திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிப் பசுமலைக்கு மாறிய செமினரி, 1881இல் கல்லூரியாகி, சம்ப்ரோ என்பவர் முதல்வராக இருந்த காலத்தில் 1904இல் மதுரை நகருக்குள் வந்தது. அதுதான் அமெரிக்கன் கல்லூரி. 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். மதுரை மிஷனுக்கு 1925இல் வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான், காங்கிரஸ்காரரோடு பழகினார் என்பதற்காக 1930இல் ஆங்கிலேய அரசால் வெளியேற்றப்பட்டார். விடாமல் திரும்பி வந்து, சுதந்திரத்துக்குப் பிறகு காந்திகிராமத்தில் கிராமக் கல்விப் பணியில் காலம் கழித்தார். அனுமதி கொடுத்த அரசு ஒரு பக்கம், பாடம் கேட்ட ஊர் மறு பக்கம் என்றபோது ஊர்ப் பக்கம் நின்றவர் அவர்.

இங்கே ஆய்வு மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். அமெரிக்க வாத்தியார்கள் பாஸ்டனுக்கு எழுதிய கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றை வைத்துப் புத்தகங்கள் பல வந்துவிட்டன. வாத்தியார் பையனைப் பற்றி என்ன நினைத்தார் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். பையன் வாத்தியாரைப் பற்றி என்ன நினைத்தான் என்பதற்குத் தமிழில்தான் தேட வேண்டும். உதயதாரகையின் பழைய இதழ்களில், தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளில், அவருக்கு முன்பே வட்டுக்கோட்டையில் படித்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை போன்றவர்களின் எழுத்தில் அது சிதறிக் கிடக்கிறது. தமிழ் தெரிந்தவர்தான் அதைச் செய்ய முடியும். மதுரைக்கு நம் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். அமெரிக்கன் கல்லூரியிலிருந்து தொடங்கலாம்.